தண்ணீர் டம்ளர்

தொலைக்காட்சியில் பேட்டி எடுத்த காலத்தில், சங்கடமான கேள்வியைக் கேட்கும் முன் அருணகிரி தண்ணீர் டம்ளரை விருந்தினர் பக்கம் மெல்ல நகர்த்தி வைப்பார். மந்திரிகளுக்கே அதைப் பார்த்து வேர்த்திருக்கிறது. ஓய்வுபெற்ற பிறகும் காய்கறிக் கடையில் யாராவது, "சார், அந்த டம்ளரை மறக்க முடியுமா?" என்பார்கள். அவருக்கும் அதைக் கேட்கப் பிடிக்கும்.

கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத மகள் மேகலா, பெரிய பெட்டியோடு வந்து இறங்கினாள். "சும்மாதான்ப்பா வந்தேன்" என்றாள். சாப்பாட்டு மேஜையில் அவர் கை தன்னாலேயே டம்ளரை அவள் பக்கம் நகர்த்தியது. அவள் குடிக்கவில்லை. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒற்றை விரலால் அவரிடமே திருப்பித் தள்ளினாள்.

"அவர் என்னைப் பொண்ணு பாக்க வந்தன்னைக்கு, நீங்க பஜ்ஜித் தட்டைத்தான்ப்பா நகர்த்துனீங்க."