அந்த ரூம் மட்டும் குளிரவில்லை

"ரூமுக்கு ரூம் தனித்தனியாவே போட்டுடலாமே மாப்ளே" என்றார் மாமனார்.

மாப்பிள்ளைக்குச் சுருக்கென்றது. மூன்று வருஷமாக இந்த வீட்டில் இருக்கிறார் மனுஷன். சாப்பாட்டில் உப்பில்லை என்றால்கூட வாயைத் திறக்காதவர். ஏ.சி. மெக்கானிக் வந்த நேரம் பார்த்து யோசனை சொல்ல வந்துவிட்டார்!

பழைய ஏ.சி. படுத்துவிட்டது. அடுத்த வாரம் மாப்பிள்ளையின் அம்மா வருகிறாள். இனிமேல் இங்கேதான். அவளுக்கு மாமனாரின் ரூம் என்றும், மாமனாருக்கு மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சின்ன அறை என்றும் முடிவாகிவிட்டது. "அதுக்கென்ன, தாராளமா" என்று மாமனாரும் துணிமணியை மடித்து வைத்துவிட்டார். அம்மா வருவதற்குள் புது மெஷின் ஓடியாக வேண்டும் என்று மாப்பிள்ளை ஒற்றைக் காலில் நின்றான்.

மெக்கானிக் இரண்டு வழி சொல்லியிருந்தார்.

"ஒண்ணு, இப்ப இருக்கிற மாதிரியே டக்ட். ஒரே பெரிய மெஷின். சீலிங்குக்குள்ள குழாய் ஓடி எல்லா ரூமுக்கும் காத்து போகும். பார்க்க லட்சணமா இருக்கும். இல்லைன்னா, வெளியில ஒரு மெஷின், உள்ளே ரூமுக்கு ஒரு யூனிட், ஆளுக்கொரு ரிமோட். பழைய குழாயை மொத்தமா மூடிடுவோம்."

"டக்ட்தான்" என்றான் மாப்பிள்ளை. "சுவருக்குச் சுவர் பெட்டி தொங்கினா வீடு மாதிரியா இருக்கும்? மாமா, இதுல எல்லாம் நீங்க தலையிடாதீங்க."

"சும்மா தோணுச்சு, சொன்னேன்" என்று மாமனார் பேப்பரோடு ஹாலுக்குப் போய்விட்டார்.

"எந்த ரூமாவது சரியா குளிராம இருந்துச்சா சார்?" மெக்கானிக் கேட்டார்.

"இதோ, இவர் ரூம்தான். வீடே ஜில்லுன்னு இருக்கும், இவர் மட்டும் ஜன்னலைத் திறந்து போட்டு, பனியன் நனைய, விசிறியும் கையுமா உக்காந்திருப்பார். வர்றவங்க என்ன நினைப்பாங்க? மாமனாரைப் போட்டு வேக வைக்கிறான்னுதானே? ஆள் கூட்டிட்டு வந்து பார்க்கச் சொல்றேன்னா, 'வேணாம் மாப்ளே, எனக்குக் குளிர் ஒத்துக்காது'ம்பார். ஒத்துக்காதவருக்கு இப்ப எதுக்குத் தனி மெஷின்? சரியான அழுத்தக்காரர் சார்."

மாப்பிள்ளையும் கூட வர, மெக்கானிக் மாமனார் ரூமில் ஏணியைப் போட்டு, மேலே காற்று வரும் சட்டத்தைக் கழற்றினார்.

"சார், இங்க பாருங்க."

உள்ளேயிருந்து ஒரு பழைய போர்வை வந்தது. பின்னாலேயே இரண்டு துண்டு, ஒரு தலையணை. காற்றுகூடப் புகாதபடி திணித்து வைத்திருந்தது.

"யாரோ வேணும்னே அடைச்சிருக்காங்க. காத்து போக வழியில்லாமத் திணறித்தான் உங்க மெஷின் இவ்வளவு சீக்கிரம் போயிருக்கு."

"பாத்தீங்களா, பாத்தீங்களா! எல்லாம் இந்தப் பெரிய மனுஷன் வேலையா? இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாக்காம விடமாட்டேன்!"

மாப்பிள்ளை கத்திக்கொண்டே ரூம் வாசலுக்குத் திரும்பினான்.

"மஞ்சள் வேணாங்க. வெளிர் நீலத்துல, ஜன்னலுக்கு ரெண்டு, கதவுக்கு ஒண்ணு..."

மனைவியின் குரல். காதுக்குப் பக்கத்தில் நின்று பேசுவது போலிருந்தது. திரும்பிப் பார்த்தான். யாருமில்லை. அவள் பெட்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு திரைச்சீலைக்காரரோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். வளையல் சத்தம்கூடக் கேட்டது.

"உங்க பெட்ரூமுக்கும் இதுக்கும் ஒரே குழாய் சார்" என்றார் மெக்கானிக். "அங்க கிசுகிசுன்னு பேசினாலும் இங்க கேக்கும்."

மாப்பிள்ளை கட்டிலில் உட்கார்ந்துவிட்டான்.

மாமனார் பெட்டியோடு வந்து இறங்கிய அன்றைக்கே அவன் மனைவியிடம் கேட்டானே! கதவைச் சாத்தி, குரலைத் தாழ்த்தி, ரொம்ப நாகரிகமாகத்தான் கேட்டான். 'உங்கப்பாவுக்கு வேற போக்கிடமே இல்லையா? உங்க அண்ணன் வீட்டுக் கதவு என்ன மூடியா கிடக்கு? ஆயுசுக்கும் நான்தான் தண்டச்சோறு போடணுமா?' அதற்கப்புறம் வாரத்துக்கு நாலு நாள் இதே பாட்டுத்தான். இப்போது நினைக்க நினைக்க நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

சத்தம் கேட்டு மாமனார் வந்தார். தரையில் கிடந்த போர்வையைப் பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது.

"அது... குளிர் ஒத்துக்கலை மாப்ளே, அதான் அடைச்சேன். மெஷின் கெட்டுப்போகும்னு தெரியாது. மன்னிச்சிடுங்க."

"எப்ப மாமா அடைச்சீங்க?"

"வந்த மறுநாள்."

மெக்கானிக் எதையோ எடுக்கப் போகிறவர் மாதிரி மெல்ல வெளியே நழுவினார்.

மூன்று கோடை! இந்த மனுஷன் வியர்த்து வடிந்ததற்கு அழுத்தம் என்று பெயர் வைத்தோமே என்று மாப்பிள்ளை கூனிக் குறுகிப் போனான். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"மாமா, நான் பேசினதெல்லாம்..."

"அட விடுங்க. புருஷன் பொண்டாட்டின்னா ஆயிரம் பேசுவீங்க. அதைப் போய் அடுத்தவன் கேக்கலாமா?"

"நீங்க சொன்னபடி தனித்தனியாவே போட்டுடலாம் மாமா. நீங்க இந்த ரூமை விட்டு எங்கயும் போக வேணாம். அம்மாவுக்கு வேற ஏற்பாடு பண்ணிக்கலாம். உங்களுக்குன்னு தனி மெஷின், தனி ரிமோட்..."

"ஐயையோ, எனக்காகக் கேட்டேன்னா நினைச்சீங்க?" மாமனார் பதறிப்போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். குரலை ரொம்பத் தாழ்த்திக்கொண்டார்.

"இனிமே இங்க படுக்கப்போறது உங்க அம்மா மாப்ளே. எம்பொண்ணு வாயும் லேசுப்பட்டது இல்ல. பாவம், மூட்டுவலிக்காரங்க. என்னை மாதிரி நாற்காலி போட்டு ஏறி அடைக்க அவங்களால முடியாதே!"