முன்வரிசைப் பையன்

கைப்பேசி மறுபடியும் சொல்லிவிட்டது: இடமில்லை.

அவன் ரேடியாலஜி மேற்படிப்பின் கடைசித் தேர்வில் ஏற்கெனவே ஒருமுறை கவிழ்ந்தவன். இன்னொரு முறை கவிழ்ந்தால் துறைத் தலைவர் அவன் தலையையே ஸ்கேன் எடுத்து, மூளை தென்படவில்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிடுவார்.

ஆகவே கேள்வி வங்கிச் செயலி. அதில் படித்த அறைத்தோழன் இப்போதெல்லாம் தூக்கத்திலேயே நான்கு விடைகளை முணுமுணுத்து, சரியானதைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் புரண்டு படுக்கிறான்.

அதை இறக்க இடம் வேண்டும். பாட்டுகள் போயின. கிரிக்கெட் போனது. கல்யாணப் படங்களும் போயின; மனைவிக்கு இன்னும் தெரியாது.

மிச்சம் ஒரே ஒரு பழைய வீடியோ. நெஞ்சு எக்ஸ்ரே பார்ப்பது எப்படி என்று ஏதோ ஒரு கல்லூரியில் ஒரு டாக்டரம்மா நடத்திய பாடம். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வரும். படமோ, வகுப்பறைக்கே மஞ்சள் காமாலை கண்டதுபோல் இருக்கும்.

"டேய், இதுல இருக்கற பாதி வியாதிக்கு இப்ப பேரே மாறிப்போச்சு. அந்தம்மா இன்னிக்கு உயிரோட இருந்தா அவங்களே வந்து அழிச்சிருப்பாங்க. அழிச்சுத் தள்ளு," என்றான் தோழன்.

"ஒரே ஒரு தடவை பாத்துக்கறேன்டா."

பேனா மூடியைக் கடித்தபடி வீடியோவை நேராக நடுப்பகுதிக்குத் தள்ளினான். எந்த இடம் என்று விரலுக்கே தெரிந்திருந்தது.

திரையில் டாக்டரம்மா விளக்குப் பெட்டியில் ஒரு படத்தைச் செருகினார். சின்னஞ்சிறு நெஞ்சுக்கூடு. தொண்டைக்குச் சற்றுக் கீழே, பளிச்சென்று, ஓர் அலமாரிச் சாவி.

வகுப்பு சிரித்தது. தோழனும் சிரித்தான். "யார் பெத்த பிள்ளையோ."

"சிரிக்காதீங்க. சாவி வரவேண்டிய வழியில வந்துடுச்சு. அலமாரியும் திறந்துச்சு," என்றது கிணற்றுக் குரல். "இவனுக்குத்தான் புத்தி வரல. ஸ்கூல் லீவுன்னு கூட்டிட்டு வந்தா, முன்வரிசையில உக்காந்து என்ன பண்றான் பாருங்க."

கேமரா திரும்பவில்லை. டாக்டரம்மா மட்டும் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக முன்வரிசையைப் பார்த்தார்.

"பேனா மூடிய வாயிலேருந்து எடு, கண்ணா."

அவன் எடுத்தான்.

தோழன் திரையையும் அவன் கையிலிருந்த மூடியையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு கேள்வி வங்கி இருந்த தன் கைப்பேசியை மெல்ல அவன் பக்கம் நகர்த்தி வைத்தான்.