கண் பார்த்துப் பேசுதல்

ஜன்னலுக்கு வெளியே அமெரிக்காவின் செயின்ட் பால் நகரத்துப் பனி சத்தமில்லாமல் கொட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளே, முனைவர் பட்ட மாணவி பா ஹுவா, எம்.ஏ. மாணவி கிர்ஸ்டன் நடத்திய கவுன்சிலிங் வீடியோவைப் பார்த்து மதிப்பெண் போடுகிறாள். திரையில், லாவோஸ் மலைகளிலிருந்து அகதியாக வந்த மோங் இனத்து மூதாட்டி ஒருத்தி மகனைப் பறிகொடுத்ததைச் சொல்லிக்கொண்டிருக்க, எதிரே கிர்ஸ்டன் தரையையே பார்த்தபடி இருக்கிறாள். மதிப்பெண் தாளில் ‘கண் பார்த்துப் பேசுதல்’ என்ற கட்டத்தில் பா ஹுவாவின் பேனா, பழக்கதோஷத்தில், ஐந்துக்கு ஒன்று போட்டுவிடுகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கிர்ஸ்டனின் கையில் காப்பி ஆறிப்போயிருக்கிறது.

“ஏன் குனிஞ்சே இருந்த?”

“அந்தம்மா நிமிரவே இல்ல. நான் மட்டும் அவங்க மூஞ்சியையே பாத்தா சண்டைக்கு நிக்கிற மாதிரி இருந்துச்சு. பெயிலா?”

பா ஹுவாவும் மோங் வீட்டுப் பெண்தான். பெரியவர்கள் முன்னால் தாழ்ந்தே வளர்ந்த கண்களை, இதே கட்டத்தில் ஐந்து வாங்குவதற்காகக் கண்ணாடி முன் நின்று நிமிர்த்திப் பழக்கியவள். அவள் மதிப்பெண்ணை அடிக்கவில்லை. அந்தக் கட்டத்தையே குறுக்கே கோடு போட்டு அடிக்கிறாள். ஓரத்தில், ‘நாளை துறைக் கூட்டத்தில் இதை நான் பேசுகிறேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறாள்.

“புரொபசர் உங்களத் திட்டுவாரே.”

“திட்டட்டும்” என்கிறாள் பா ஹுவா, இந்தக் கட்டடத்துக்கு வந்த ஆறு வருஷத்தில் முதல் தடவையாக, தரையைப் பார்த்துக்கொண்டே.