கணக்கில் சேராத புயல்

முதல் பனி விழுந்த அன்று மத்தியானமே சாராயக்கடையில் சண்டை தொடங்கிவிட்டது. வாழ்நாளில் பார்த்த பனிப்புயல்களில் எது பெரிது என்பதுதான் சண்டை.

வருஷா வருஷம் இதே கூத்து. பரகான் சமவெளியில் பிறந்தவனுக்குப் பீற்றிக்கொள்ள வேறு என்ன இருக்கிறது? மலை கிடையாது, கடல் கிடையாது. காற்றும் பனியும்தான் அவனுக்கு வாய்த்த சொத்து.

தீர்ப்புச் சொல்கிறவர் பாம்ஃபில். எழுபதைத் தாண்டியவர். பனி விஷயத்தில் அவர் வைத்ததுதான் சட்டம்.

ஐம்பத்து நாலாம் வருஷத்துப் புயலுக்கு முதலிடம். அதில் மறுபேச்சே இல்லை. சனங்கள் கூரையைப் பிரித்துக்கொண்டு வெளியே வந்த வருஷம் அது. அடுத்தது, ரயில் நடுவெளியில் நின்றுபோய், பயணிகள் இருக்கைகளை உடைத்துக் கொளுத்திக் குளிர்காய்ந்த புயல்.

மூன்றாவது இடத்துக்குத்தான் அடிபிடி. டிராக்டர் ஓட்டும் சாவா, தன் கல்யாணத்துப் புயலைச் சேர்த்தே ஆகவேண்டும் என்று நின்றான். பெண் அழைக்கப் போன கூட்டம் திரும்ப முடியாமல் ஒரு வாரம் அங்கேயே கிடந்து, மாமனாரின் பன்றிகள் அத்தனையையும் தின்று தீர்த்ததாம். அது புயல் இல்லை, உன் மாமனாருக்குப் பிடித்த ஏழரை என்றார் பாம்ஃபில். கடையே சிரித்தது.

கோப்பை கழுவிக்கொண்டிருந்த துதோரா சிரிக்கவில்லை. அவளுடைய புயல் இந்த வரிசையில் என்றைக்கும் வந்ததில்லை.

அவள் புருஷன் லிசாந்த்ரு தேவாலயத்தில் மணியடிப்பவன். புயல் வீசினால் அது ஓயும்வரை மணி அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். வெளியில் மாட்டிக்கொண்டவர்கள் கண் தெரியாவிட்டாலும் அந்தச் சத்தத்தைப் பிடித்து ஊர் வந்து சேர்வார்கள்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், காற்று வீசியது, மணி மட்டும் அடிக்கவில்லை.

மணியடிக்கும் அளவுக்கு அது புயலே இல்லை என்றது ஊர். லிசாந்த்ரு இந்தக் கடையில் குடித்தது போதாமல், ஊர்க்கோடியில் சாராயம் காய்ச்சும் இடத்துக்குத் தள்ளாடிப் போனான், பள்ளத்தில் விழுந்து விறைத்துச் செத்தான் என்றது. பிணத்தைக் கண்டெடுத்தவர்கள் பாம்ஃபிலும் சாவாவும். உயிர் போன இடத்தில் சிலுவை நடுவது வழக்கம். பள்ளத்தில் அவர்களே நட்டும் கொடுத்தார்கள்.

வந்தது புயலென்றால் அவன் வழி தவறிச் செத்த மனிதன். இல்லையென்றால் குடிகாரன். துதோரா கேட்டதெல்லாம் புயல் என்ற அந்த ஒரு சொல்லைத்தான். குடிகாரன் பெண் என்று சொல்லித்தான் மகள் ரஃபிலாவின் நிச்சயத்தை முறித்தார்கள். அப்பனுக்காக அவள் ஒரு மெழுகுவத்திகூட ஏற்றியதில்லை.

ஒவ்வொரு வருஷமும் துதோரா கெஞ்சுவாள். அது வெறும் மத்தியானக் காற்று, அதையெல்லாம் கணக்கில் சேர்த்தால் ஊர் சிரிக்கும் என்று பாம்ஃபில் ஒதுக்கிவிடுவார்.

இந்த வருஷம் அவள் வாயே திறக்கவில்லை. போன வாரம் ஊருக்கு வந்திருந்த ரஃபிலா, நாலு துளி பனியில் வீடு தெரியாமல் செத்தவனுக்கு எதற்குப் பூசை என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அதோடு துதோராவுக்கு எல்லாம் விட்டுப்போயிற்று.

சாவாதான் சீண்டினான்.

"என்னக்கா, உங்க புயலச் சேக்கச் சொல்லி இந்த வருசம் கேக்கலியா?"

"அது என்ன புயலு? கணுக்கால் நனைஞ்சிருக்குமா? எம்மவ சொல்றதுதான் சரி. சும்மா தூவிட்டுப் போச்சு."

வெறுத்துப்போய்த்தான் சொன்னாள். ஆனால் பாம்ஃபிலின் கோப்பை பாதி வழியில் நின்றது. உள்ளே போன சரக்கு ஒரு பக்கம், ரோஷம் ஒரு பக்கம். அவரைப் பற்றி யாரும் எதையும் சொல்லலாம். அவர் எதிரில் பனியைப் பற்றித் தப்பாகச் சொல்லக் கூடாது.

"கணுக்காலா? மணிக்கூண்டுக் கதவுல பிடியே தெரியல, தெரியுமா? வெளிப்பக்கமாத் தொறக்குற கதவு, காத்து வாரிக் குவிச்ச அம்புட்டுப் பனியில எப்படித் தொறக்கும்? பாதி வரைக்கும் வெறுங்கையாலயே தோண்டியிருந்தான் பாவி. ஒரே மத்தியானத்துல அப்படி ஒரு பனிய நான் பாத்ததே..."

சாவா மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தான். பிந்திவிட்டது.

"யாரு தோண்டியிருந்தா?" என்று கேட்டாள் துதோரா.

தேவாலய வாசலை ஒட்டிய மணிக்கூண்டு ஊருக்கு நடுவில் இருக்கிறது. பள்ளம் ஊர்க்கோடியில்.

பிணத்தை மணிக்கூண்டு வாசலிலேயே விட்டிருந்தால் ஊர் சும்மா இருந்திருக்காது. மணியடிக்கிறவன் ஏன் இவ்வளவு தாமதமாகப் போனான், அவன் எழுந்தபோதெல்லாம் இதெல்லாம் ஒரு புயலா என்று கையைப் பிடித்து உட்காரவைத்தது யார் என்று கேட்டிருக்கும். அன்றைக்கு லிசாந்த்ருவோடு சீட்டாடியவர்கள் இந்த இரண்டு பேரும்தான்.

பாம்ஃபில் தலையைக் குனிந்துகொண்டார். வேண்டுமானால் உன் புயலுக்கே முதலிடம் கொடுத்துவிடுகிறேன் என்று முனகினார்.

துதோரா காதில் அது விழவில்லை. பனிக்காலத்து ஞாயிறுகள் அவள் நினைவுக்கு வந்தன. பள்ளத்துச் சிலுவைக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டுத்தான் பூசைக்கு வருவாள். வந்ததும், அந்த மணிக்கூண்டுக் கதவுக்கு நேரே நின்று, காலணியில் ஒட்டிய பனியை ஓங்கி ஓங்கித் தரையில் மிதித்து உதறிவிட்டு உள்ளே போவாள்.