ஏற்றுமதித் தரம்

"கையெழுத்துப் போட முடியாது."

கால்நடை டாக்டரம்மா ஏற்றுமதிச் சான்றிதழைத் தள்ளிவைத்து, பேனாவை மூடிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

வாசலில் ரிப்பன் கட்டியாகிவிட்டது. கன்டெய்னர் லாரி குளித்துத் தயாராக நின்றது. பத்திரிகைக்காரர்கள் இரண்டாவது ரவுண்டு டீயில் இருந்தார்கள். கம்பெனியின் முதல் ஏற்றுமதி. பதினெட்டு டன் ஆட்டுக்கறி, இன்றைக்குத் துறைமுகம் போயாக வேண்டும்.

முதலாளிக்கு மீசை துடித்தது.

"ஏம்மா, இந்தத் தொழில் இன்னும் அஞ்சு வருஷத்துல எங்கே போய் நிக்கும்னு தெரியுமா?" சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டினார். வளர்ச்சியைக் காட்டும் சிவப்பு அம்பு, சட்டத்துக்குள் அடங்காமல் சுவரில் ஏறிக் கூரையைத் தொட்டிருந்தது. பெயின்டரை வரவழைத்து அவரே நீட்டச் சொன்னது.

"அம்பு எங்கே வேணா போகட்டும் சார். கறி போகாது."

"ஏன் போகாது? குளிர் அறையில போய்ப் பாருங்க. மைனஸ் பதினெட்டு டிகிரி!"

"இப்போ பதினெட்டு. ராத்திரி கம்ப்ரஸர் அஞ்சு மணி நேரம் படுத்துடுச்சே, அப்போ எவ்வளவு?"

டாக்டரம்மா குளிர் அறையிலிருந்து கையோடு கொண்டுவந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து மேஜைமேல் கவிழ்த்தார். கறிக்கு அடியிலிருந்து சிவப்பாக ஒரு தகடு ஐஸ் பெயர்ந்து விழுந்தது.

"இளகித் தண்ணி விட்ட கறி. திரும்ப உறைய வெச்சிருக்கீங்க. இதைத் தின்னு வெளிநாட்டுல நாலு பேர் ஆஸ்பத்திரிக்குப் போனா, உங்க கம்பெனிக்கு மட்டுமா கதவைச் சாத்துவான்? நம்ம நாட்டுக்கே சாத்துவான்."

முதலாளிக்கும் சேர்த்து மாப்பிள்ளைக்குக் கோபம் வந்தது. கம்பெனிக்கு அவர் ஏற்றுமதி மேனேஜர். மற்றபடி வீட்டோடு மாப்பிள்ளை. மாமனார் தும்மினால் மூக்கைத் துடைத்துக்கொள்கிறவர்.

"உங்களை மாதிரி நாலு அதிகாரிங்க இருந்தா போதும் மேடம், நாடு உருப்பட்டுடும்! இந்த ஆர்டரைப் பிடிக்க ஒண்ணரை வருஷம் நாயா அலைஞ்சிருக்கேன். உங்களுக்கு என்ன, மாசம் பொறந்தா சம்பளம்!"

"சரி, விடுங்க மாப்பிள்ளை," முதலாளி குரலைத் தழைத்தார். "வெளிநாடு வேணாம்மா. உள்ளூர்ல தள்ளிடறோம். நம்மாளுங்க வயிறு கல்லையும் கரைக்கும்."

"நம்மாளுங்களுக்கும் ஒரு வயிறுதான் சார். யாரும் விக்க முடியாதபடி, பெட்டியைப் பிரிச்சு என் ஆளுங்க நீலச் சாயம் ஊத்திட்டிருக்காங்க. மொத்தமும் குழிக்குத்தான் போகும்."

டாக்டரம்மா வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். முதலாளி நாற்காலியில் தொப்பென்று விழுந்தார்.

"இந்தம்மாவுக்கு யாரு சொன்னது? வந்ததும் வராததுமா நேரா அந்த அறைக்கே போயிருக்கு! கூப்பிடுங்க அந்த ஆபரேட்டரை!"

குளிர் அறை ஆபரேட்டர் ஸ்வெட்டரும் நடுக்கமுமாக வந்து நின்றார்.

"யோவ், கம்ப்ரஸர் நின்ன விஷயம் தெரிஞ்சது மூணே பேருக்கு. எனக்கு, மாப்பிள்ளைக்கு, உனக்கு. நான் சொல்லியிருப்பேனா?"

"ஐயோ, மாட்டீங்க சார்."

"மாப்பிள்ளை சொல்லியிருப்பாரா?"

ஆபரேட்டர் மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்தார். "அந்த அளவுக்கெல்லாம் அவருக்குத் தைரியம் வராதுங்க."

"அப்போ யாரு, கம்ப்ரஸரே போன் பண்ணிச்சா?"

"சத்தியமா நான் இல்லைங்க சார். மூணு பிள்ளைங்க படிக்குது, நான் போய் அப்படிச் செய்வேனா?"

மாப்பிள்ளை மேஜையைத் தட்டினார். "நடிக்காதே! இவனை மாதிரி ஆளுங்களாலதான் மாமா நம்ம தொழில் தலையெடுக்க மாட்டேங்குது! வீட்டுக்கு அனுப்பினா நல்லா இழுத்துப் போர்த்திக்கிட்டுத் தூங்குவான். அனுப்பக் கூடாது. இங்கேயே வெச்சு வாட்டணும்!"

"அதான் சரி," என்றார் முதலாளி, கொஞ்சம் அவசரமாகவே. "வேலையை விட்டு மட்டும் போயிடலாம்னு நினைக்காதே! புது கம்ப்ரஸர் எது நல்லதுன்னு விசாரிச்சு, சாயங்காலத்துக்குள்ள என்கிட்ட வந்து சொல்லு. போய்யா!"

திட்டு வாங்கினோமா, தப்பித்தோமா என்று தெரியாமலே ஆபரேட்டர் வெளியே போனார்.

மாப்பிள்ளை பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டார். குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார்.

"மேடம், அப்படிப் பேசினதுக்கு மன்னிச்சிடுங்க. மாமா எதிர்ல குதிக்கலேன்னா சந்தேகம் வந்துடும். காலையில உங்களுக்குத் தகவல் சொன்னது நான்தான்னு மட்டும் அவருக்குத் தெரிஞ்சா, என் பெட்டி படுக்கையெல்லாம் தெருவுல கிடக்கும்."

"என்ன சார், தண்ணி கொட்டற சத்தம்?"

"குழாயைத் திறந்துவிட்டிருக்கேன் மேடம். வெளியே கேட்டுடக் கூடாதில்ல?"

மறுமுனையில் டாக்டரம்மா சிரிக்க ஆரம்பித்தவர், நிறுத்த வெகுநேரம் ஆயிற்று.

"சொல்லக் கூடாதுதான், ஆனா சொல்லாம இருக்க முடியல. நீங்க போன் பண்ணினப்போ நான் பாதி வழி வந்துட்டேன் சார். அதுக்கு முன்னாடியே உங்க மாமனார் கூப்பிட்டுட்டார். அவர் போன்லயும் இதே தண்ணி சத்தம்தான்."

"மாமாவா? என்ன சொன்னார்?"

"'அந்தக் கறியை யாரும் தின்னுடாம நீங்க வந்து நிறுத்துங்கம்மா. மாப்பிள்ளை ஆசை ஆசையா பிடிச்ச ஆர்டர். நிறுத்தினது நான்தான்னு தெரிஞ்சா பாவம், மனசு உடைஞ்சிடுவார்'னு சொன்னார்."