கரைக்கு வந்தவர்கள்

குளத்துத் தண்ணீர் பச்சையாக மாறியதும், அது இன்னும் நல்ல தண்ணீர்தானா என்று எல்லோரையும் விசாரித்துச் சொல்லும் பொறுப்பை அணிலிடம் கொடுத்தார்கள். யார் யாரைக் கேட்பது? அணிலுக்கு வால் நனைவது பிடிக்காது. அதனால், "கரைக்கு வந்து குடிக்கிறவங்களைக் கேட்டாப் போதும்" என்று முடிவு கட்டியது.

"தண்ணிக்கு என்ன குறைச்சல்?" என்றது எருமை. ஆடும் மைனாவும் அதையே சொல்ல, 'தண்ணீர் நல்ல தண்ணீர்' என்று அணில் மார்தட்டி அறிவித்தது.

ஆமை மட்டும் தலையை நீட்டி, "உள்ளேயே கிடக்கிற மீனுங்களைக் கேட்டியா?" என்றது.

"அதுங்க கரைக்கு வந்தா நான் என்ன கேக்க மாட்டேன்னா சொல்றேன்?"

மூன்றாம் நாள் காலையில் மீன்கள் வந்திருந்தன. கரையோரம் முழுக்க, வெள்ளை வயிற்றை மேலே காட்டியபடி ஒதுங்கிக் கிடந்தன.

துளிகூட நனையாத தன் வாலை எங்கே ஒளிப்பதென்று தெரியாமல் அணில் நின்றது.