துளியா, பெட்டியா?

"வெட்ட மாட்டேன்" என்றார் தச்சர். பலகை அறுக்கும் ஜிக்சா மிஷினின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கியே விட்டார்.

பிளைவுட் பலகை இரண்டு மர ஸ்டாண்டுகளின் மேல் கிடந்தது. அதில் பென்சிலால் ஒரு பெரிய கோடு. முன்பக்கம் நீர்த்துளி போல உருண்டு, பின்பக்கம் சரிந்து ஒல்லியாகிப் போகும் கோடு. காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போய், போன இடத்தில் படுத்துக்கொள்ள லிஃப்ட் மெக்கானிக் சொந்தமாகச் செய்யும் குட்டி டிரெய்லரின் பக்கவாட்டுச் சுவர் அது.

சக்கரம், இரும்புச் சட்டம் எல்லாம் தயார். மெக்கானிக்குக்கு அடுத்த சனிக்கிழமை முதல் ஒரு வாரம் லீவு. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து கிளம்பும் முதல் பயணம். இன்றைக்குப் பலகை வெட்டினால்தான் உண்டு. இல்லையென்றால் இந்த லீவும் வீட்டுக் கூரையைப் பார்த்தபடியே கழியும்.

வெட்டத் தெரிந்த ஒரே ஆள் மச்சான், இந்தத் தச்சர்தான். மெக்கானிக் மனைவியின் கூடப் பிறந்த அண்ணன்.

"ஏன் மச்சான், கோடு சரியில்லையா?"

"கோடு நல்லாத்தான் இருக்கு. படுத்திருக்கிற கத்திரிக்கா மாதிரி அம்சமா இருக்கு. ஒண்ணு மட்டும் சொல்லுங்க மாப்பிள்ளை. இதுல அடுப்பு எங்க?"

"பின்னாடி. பின்கதவைத் தூக்கினா மேடை, அடுப்பு, தட்டு வைக்க அலமாரி."

"அப்ப சமைக்கிற ஆள் எங்க நிக்கிறது?"

"வெளியில."

"உள்ள?"

"உள்ள மெத்தை மட்டும்தான். மெத்தைக்கும் அடுப்புக்கும் நடுவுல ஒரு தடுப்பு."

தச்சர் தன் மனைவியைப் பார்த்தார். "கேட்டியாடி? ஐயா உள்ள காலை நீட்டிப் படுத்திருப்பாராம். என் தங்கச்சி வெளியில மழையில நனைஞ்சுக்கிட்டே இவருக்கு டீ போட்டு நீட்டுவாளாம்."

தச்சரின் மனைவியான அண்ணி விடிவதற்குள் எழுந்து கட்டிய சாப்பாட்டு டப்பாக்களைப் பையிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"தூக்கின கதவே கூரை மாதிரி நிக்கும் மச்சான்" என்றார் மெக்கானிக் மெதுவாக.

"முதுகு நனையுமே! பெட்டி மாதிரி செய்யுங்க. நேர்ச் சுவர், தட்டைக் கூரை, பக்கத்துல கதவு. ரெண்டே மணி நேரத்துல வெட்டிக் குடுக்கறேன். அடுப்பும் உள்ள, அவளும் உள்ள."

"பெட்டி வேண்டாம் மச்சான். இதுதான் வேணும்."

"காரணம்?"

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "காத்து மோதாது. காருக்கும் இழுக்க லேசா இருக்கும்..."

"காத்து மேல காட்டற கருணை, கட்டினவ மேல இல்ல! நல்லா இருக்கு உங்க நியாயம்."

மெக்கானிக்கின் மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"நீ சும்மா இரு. நீ விட்டுக் குடுத்து விட்டுக் குடுத்துத்தான் இவர் இப்படி ஆயிட்டார். கேக்கறதுக்கு அண்ணன் ஒருத்தன் இருக்கேன்ல?"

சொல்லிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டினார். அண்ணியிடமிருந்து டீ டம்ளர் வந்து அதில் உட்கார்ந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு, "சர்க்கரை கம்மி" என்று அப்படியே பின்னால் திருப்பிக் கொடுத்தார்.

பிறகு வரைபடத் தாளை எடுத்தார். அடுப்பு மேடையின் உயரத்தைப் படித்ததும் கண்கள் விரிந்தன.

"தரையிலிருந்து நாப்பது அங்குலமா?"

டேப்பை இழுத்துத் தங்கையின் பக்கத்தில் நிறுத்தினார். ஐந்தடிகூட இல்லாத அவளுக்கு, நாற்பது அங்குலம் முழங்கைக்கும் மேலே போனது.

"பாத்தீங்களா? இவ என்ன, ஸ்டூல் போட்டு ஏறி நின்னு சமைக்கணுமா? பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்தின பொண்டாட்டியோட உயரம்கூடத் தெரியல! உங்களுக்கு நான் எதுக்கு மாங்கு மாங்குன்னு பலகை வெட்டணும்?"

டேப்பைத் தரையில் வீசினார். மெக்கானிக் அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

"அவரை எதுக்குண்ணே திட்டற?" மனைவிக்குப் பொறுக்கவில்லை. "இந்த வடிவம் கேட்டது நான். உயரம் அளந்து குடுத்ததும் நான்தான்."

"நீயா?"

"எட்டு வருஷமா 'வா, எங்கயாவது போயிட்டு வரலாம்'னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தார். நான்தான் மாட்டேன்னேன். ஊர்தான் மாறும், அடுப்படி மாறாது, அதுக்கு நம்ம வீட்டுலயே கெடக்கலாமேன்னேன். அப்ப உனக்கு என்னதான் வேணும்னு கேட்டார். 'எனக்கும் அடுப்புக்கும் நடுவுல ஒரு சுவர் வேணும்'னேன். மறுநாளே இந்தக் கோட்டை வரைஞ்சு எடுத்துக்கிட்டு வந்து நிக்கிறார்."

"சரி, அப்ப சமையலு?"

"அந்த மேடை யாரு இடுப்புக்குச் சரியா வருதுன்னு பாரு. ரெண்டு மாசமா வேலை முடிஞ்சு வந்து சமையல் பழகறார். முதல் வாரம் வாயில வைக்க முடியல. இப்ப தேவலாம். உன்கிட்ட சொன்னா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பேன்னு வாயைத் திறக்காம நிக்கிறார் பாவம்."

தச்சர் மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்தார். ஆறடிக்கு ஓர் அங்குலம்தான் குறைவு.

"இதை முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன?" என்று முணுமுணுத்தபடி வயரைச் சொருகினார். மிஷினை எடுத்துக்கொண்டு அந்த வளைவின் மேல் குனிந்தார்.

"என்னங்க, ஒரு நிமிஷம் நிமிர்ந்து நில்லுங்க."

அதுவரை வாயே திறக்காத அண்ணி, டேப்பின் ஒரு நுனியைத் தன் புருஷனின் பாதத்தருகே மிதித்துக்கொண்டு, மறுநுனியை அவர் இடுப்பு வரைக்கும் இழுத்துக்கொண்டிருந்தாள்.